கிளட்ச்சில் எயார்: சரிவில் நின்ற ஒரு வேனின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1990களில் ஜப்பானிலிருந்து வந்த டீசல் வேன். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், ஓட்டம் பின் சக்கரத்துக்கு, கிளட்ச் ஹைட்ரொலிக், அதாவது பெடலை மிதித்தால் மேல் பம்ப் (மாஸ்டர் சிலிண்டர்) குழாய் வழியே ப்ரேக் ஒயிலைத் தள்ள, கீழ் பம்பின் ரொட் கிளட்ச்சை விடுவிக்கும். லிந்துலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தலவாக்கலைக்கு ஏற்றி இறக்குவதுதான் அதற்கு முக்கிய வேலை. இடையில் ஹட்டன், நுவரெலியா என்று ஹயர் வந்தால் அதுவும் போகும். சமதரையே பார்க்காத பிழைப்பு என்று சொல்லலாம்.

முறைப்பாடு இதுதான். காலையில் முதல் கியர் எப்படியோ விழுந்துவிடுகிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் அரைபடுகிறது. பெடலை நாலு தரம் வேகமாக மிதித்தால் ரிவர்ஸும் விழுகிறது. ஏற்றங்களில் ஓடி வந்து, மத்தியானம் எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் முதல் கியரும் முரண்டு பிடிக்கிறது. பெடல் பாதிவரை மெத்தென்று இறங்குகிறது. தரைக்குக் கிட்டப் போன பிறகுதான் கிளட்ச் விடுபடுகிறது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. கீழ் பம்ப், அதாவது கியர் பொக்ஸ் ஓரத்தில் பூட்டியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், ஒயில் கசிந்ததால் ஒரு கராஜில் புதிதாக மாற்றியிருந்தார்கள். மாற்றிய நாளிலிருந்தே பெடல் சரியில்லை. திரும்பக் கொண்டுபோனபோது மறுபடி எயார் எடுத்து, அதாவது உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, கொடுத்தார்கள். அதற்கும் சரிவரவில்லை. “அப்ப மேல் பம்பும் போயிருக்கு, அதையும் மாத்தணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேன்கார அண்ணன் மாஸ்டர் சிலிண்டருக்கு விலை கேட்டுவிட்டு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். வண்டி வேலை பக்கத் தொழில்.

பாகம் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டும். ஹைட்ரொலிக் கிளட்ச்சில் அளக்க இருப்பது ஒன்றே ஒன்றுதான். பெடலை முழுக்க மிதிக்கும்போது கீழ் பம்பின் ரொட் எவ்வளவு நகர்கிறது? அண்ணனின் மகனைப் பெடலில் உட்கார வைத்து, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, ரொட்டின் ஓரத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு அடிமட்டத்தால் அளந்தோம். 9 மி.மீ. வந்தது.

எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மேல் பம்பின் உடம்பில் 5/8 என்றும் கீழ் பம்பில் 13/16 என்றும் வார்ப்பிலேயே இருந்தது. உள் விட்டம், அங்குலக் கணக்கு. மில்லிமீற்றரில் ஏறத்தாழ 16, 20½. பெடல் முழுக்க இறங்கும்போது மேல் பம்பின் பிஸ்டன் சுமார் 25 மி.மீ. உள்ளே போகிறது. அது தள்ளும் ஒயில் 5 மி.லி.க்கு மேல் இல்லை, ஒரு தேக்கரண்டி அளவு. கீழே பிஸ்டன் தடிப்பு என்பதால் அதே ஒயில் அதை 15 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகர்த்தும். ஃப்ரீ ப்ளே (பெடலின் தொடக்கத்து வெறும் அசைவு), ஹோஸ் சற்று விரிவது எல்லாம் கழித்தாலும் 14 மி.மீ. வந்தாக வேண்டும்.

வந்தது 9. மீதி 5 மி.மீ. எங்கே? கீழ் பிஸ்டனின் பரப்பு 3.3 சதுர செ.மீ. ஐந்து மில்லிமீற்றரை அதனால் பெருக்கினால் 1.7 மி.லி. அந்த அளவு ஒயில் கீழே வேலை செய்யாமல் வேறெங்கோ விரயமாகிறது. கிளட்ச் குழாயில் எழும் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும், ஒயில் சுருங்காது. ஆகவே இரண்டு மில்லிலிட்டர் காற்று உள்ளே நின்றால் போதும், மிதிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். ப்ரேக்கில் கொஞ்சம் எயார் இருந்தாலும் ஓட்டுபவர் இன்னும் அழுத்தி மிதித்துச் சமாளிக்கப் பார்ப்பார், அது ஆபத்தான சமாளிப்பு என்றாலும். கிளட்ச்சில் அந்தச் சமாளிப்பும் கிடையாது. தரைக்குக் கீழே மிதிக்க இடமில்லை.

சரி, ஒயில் விரயமாவது எயாரினாலா, மேல் பம்பின் வொஷர், அதாவது பிஸ்டனில் ஒயிலை அடைக்கும் ரப்பர், தேய்ந்து ஒயில் பின்னால் நழுவுவதாலா? கராஜ்காரர் சொன்னது இரண்டாவது. இதைப் பெடலிலேயே கண்டுபிடித்துவிடலாம். வேகமாக நாலைந்து தரம் மிதித்தால் பெடல் உயர்ந்து இறுகியது. அவசரமாக மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் மேல் பம்பின் ஒயில் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் ஒயில் கூடுதலாக உள்ளே இறங்கி, காற்றின் இடத்தை நிரப்பிவிடும். இது எயாரின் குணம். அப்படி இறுகிய பெடலை அப்படியே மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். பையன் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்திருந்தான், பெடல் மெல்ல மெல்ல இறங்கவில்லை. வொஷர் தேய்ந்திருந்தால் காலுக்கடியில் அது நழுவிப் போகும். பெடலுக்கு மேலே ரொட் நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. கீழ் பம்பின் ரப்பர் உறையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன், அங்கும் காய்ந்துதான் இருந்தது. ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னபோது அது ஊதவுமில்லை.

“அண்ணே, மேல் பம்ப் வாங்க வேணாம். உள்ள எயார்தான் நிக்குது.”

“ரெண்டு தரம் எடுத்தாங்களே தம்பி.”

எடுத்தது உண்மைதான். ஏன் வரவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் பார்க்க வேண்டிய விஷயம், அதற்கு வண்டி நிற்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அண்ணனின் வீடு ரோட்டுக்குக் கீழே. வேன் ரோட்டிலிருந்து முற்றத்துக்கு மூக்கு கீழே பார்க்க இறங்கி நிற்கும். கராஜும் ரோட்டோரம்தான், அதன் தரையும் உள்ளே போகப் போகச் சரிவு, அங்கும் மூக்கைக் கீழே வைத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வேனில் கீழ் பம்ப் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. ரொட் பின்பக்கம் பார்க்கிறது. மூடிய முனை முன்பக்கம். ஒயில் நுழையும் துவாரமும் எயார் திறக்கும் நிப்பிளும் அந்த முன் முனையில். வண்டி மூக்குக் கீழே நின்றால் நிப்பிள் இருக்கும் முனை தாழ்ந்து, பிஸ்டன் இருக்கும் முனை உயர்ந்துவிடுகிறது. காற்று உயர்ந்த இடத்துக்குத்தான் போகும். அது பிஸ்டனை ஒட்டி உட்கார்ந்துகொள்ள, புதிய ஒயில் முன்பக்கமாக நுழைந்து பக்கத்திலேயே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியேறிவிடுகிறது. போத்தலில் சுத்தமான ஒயில் வருவதைப் பார்த்து எயார் போய்விட்டது என்று பூட்டிவிடுவார்கள். எயார் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கொழும்பில் சமதரைக் கராஜில் இதே வேலையைச் செய்தால் பிரச்சினையே தெரிந்திருக்காது. அதனால் கராஜ்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கீழ் பம்பை மாற்றியதும் சரி, எயார் எடுத்த முறையும் சரி. தரைதான் சரியில்லை.

வேலை தொடங்கும் முன் ஒரு ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதைச் சமதரைக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் பார்க்க முடியாது. மலையில் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். எயார் எடுக்கும்போது ஒருவர் வண்டிக்கடியில் படுத்திருப்பார், இன்னொருவர் கிளட்ச்சை மிதிப்பார். கிளட்ச்சை மிதித்த கணத்தில் கியர் வண்டியைப் பிடிப்பது விட்டுப்போகும். அப்புறம் அந்த வண்டியைப் பிடித்திருப்பது நீங்கள் நம்பாத அதே ஹேண்ட் பிரேக் மட்டும். எயார் நன்றாக வெளியேற வெளியேற கிளட்ச் நன்றாக விடுபடும் என்பதால், வேலை முடியும் தறுவாயில்தான் ஆபத்து அதிகம். ஆகவே கியரைக் கணக்கில் எடுக்கவே கூடாது. லொறிக்காரர்கள் வைத்திருக்கும் முக்கோணக் கட்டையை இரவல் வாங்கி, சரிவுப் பக்கம் இரண்டு பின் சக்கரங்களுக்கும் அடைத்து, வண்டியை அதன்மேல் மெல்ல உட்கார விட்டு, பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம். உருண்டைக் கல் வேண்டாம், அது சக்கரத்தோடு சேர்ந்து உருளும். வேன் உயரம் என்பதால் ஜக் போடத் தேவைப்படவில்லை. தாழ்ந்த கார் என்றால் சரிவில் ஜக்கில் ஏற்றி இந்த வேலையைச் செய்யாதீர்கள், சமமான இடம் தேடிப் போங்கள்.

வேனைத் திருப்பி, முற்றத்துக்குள் பின்பக்கமாக இறக்கினோம். மூக்கு மேலே. நிப்பிள் முனை இப்போது உயரத்தில்.

முதலில் பழைய ஒயில். கிண்ணத்தில் இருந்தது கறுத்து, அடியில் மண்டியோடு கிடந்தது. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துணியால் துடைத்தோம், தார் ரோட்டுப் புழுதி ஒரு துகள் உள்ளே போனாலும் வொஷரைக் கீறும். பார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் கிண்ணத்தை உறிஞ்சி எடுத்து, அதில் ஒரு துளியைத் தண்ணீர் ஊற்றிய சோசரில் விட்டேன். துளி தண்ணீருக்குள் இறங்கிப் புகைபோல் கலைந்து கரைந்துவிட்டது. இது முக்கியமான சோதனை. ப்ரேக் ஒயில் கிளைகோல் வகை, தண்ணீரோடு கலக்கும். யாராவது அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றியிருந்தால் துளி மேலே மினுமினுவென்று மிதக்கும். அப்படி மிதந்திருந்தால் எயார் எடுப்பதில் பயனில்லை. பெற்றோலிய ஒயில் பட்ட ரப்பர் ஊதிவிடும், இரண்டு பம்பின் ரப்பர் கிட்டையும் ஹோஸையும் மாற்றியே ஆக வேண்டும். பம்பைக் கழற்றிக் கழுவுபவர்கள் மண்ணெண்ணெயில் கழுவக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

தண்ணீரோடு கலக்கும் அதே குணம் இந்த ஒயிலின் பலவீனமும் கூட. காற்றின் ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 3 என்ற தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140. டொட் 4 என்றால் 230, ஈரமானபின் 155. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மாதக்கணக்கில் மூட்டமும் மழையுமாக இருக்கும் தலவாக்கலையில், மூடி ரப்பர் வெடித்த ஒரு கிண்ணம் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வேனின் மூடி ரப்பரும் ஓரத்தில் வெடித்திருந்தது. கடையில் பாதி போத்தல் ஒயிலை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். சீல் உடைக்காத சின்னப் போத்தல் போதும், இந்த வேலைக்கு 300 மி.லி. தாராளம். மூடியில் டொட் 3 என்றிருந்தால் டொட் 4 ஊற்றலாம், கலந்தாலும் பாதகமில்லை. டொட் 5 மட்டும் சிலிக்கோன் வகை, அதைத் தொடாதீர்கள். டொட் 5.1 என்பது வேறு, அது கிளைகோல்தான்.

கிண்ணத்தைப் புதிய ஒயிலால் நிரப்பினோம். நிப்பிளுக்குச் சேலைன் டியூப் துண்டு ஒன்றை மாட்டி, மறுமுனையை, அடியில் கொஞ்சம் ஒயில் ஊற்றிய தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்தினோம். நிப்பிளை முதலில் ரிங் ஸ்பானரால் இளக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஓபன் ஸ்பானர் போட்டு நிப்பிளின் மூலைகளை மழுங்கடித்தால் அன்றைய வேலை அத்தோடு சரி.

பெடலில் இருந்த பையனுக்குச் சொன்னது மூன்று சொல். மிதி, பிடி, விடு. “மிதி” என்றால் மெதுவாகத் தரைவரை மிதித்து, “மிதிச்சிட்டேன் மாமா” என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகு நிப்பிளைக் கால் திருகு திறப்பேன், கறுத்த ஒயில் பாயும், மூடுவேன். மூடிய பிறகுதான் “விடு”. இந்த ஒழுங்கு மாறி, நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் எடுத்த எயாரைவிட அதிகம் உள்ளே போய்விடும். பெடல் தானாக எழும்பாமல் தரையிலேயே கிடந்தால் பயப்பட வேண்டாம், கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். கிண்ணத்தைப் பார்ப்பது அண்ணனின் பொறுப்பு. அடி தெரியும் முன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு தரம் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தொடக்கத்தில் கறுப்பு, பிறகு தேயிலைச் சாய நிறம். அப்புறம் டியூபில் ஒரு நீளமான காற்றுத் துண்டு வந்தது. சின்னக் குமிழி அல்ல, டியூபில் ஒரு சாண் நீளத்துக்கு ஒயிலே இல்லாத வெற்றிடம். கராஜில் வண்டியை வேறு பக்கம் திருப்பியிருந்தால் அன்றே வந்திருக்க வேண்டியது. அதன் பின்னால் சில்லறைக் குமிழிகள், பிறகு தெளிந்த ஒயில்.

அளந்தோம். 12 மி.மீ. ரிவர்ஸ் ஒரே மிதியில் சத்தமில்லாமல் விழுந்தது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள், அண்ணனும் போதும் என்றார். ஆனால் கணக்கில் இன்னும் 2 மி.மீ. பாக்கி, அதாவது 0.7 மி.லி. எயார். ஏற்றத்தில் கிளட்ச்சை அரைவாசி பிடித்து ஓட்டும்போது பெல் ஹவுசிங், அதாவது கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு, சூடேறும், அதில்தானே கீழ் பம்ப் பூட்டியிருக்கிறது? உள்ளே நிற்கும் காற்று சூட்டில் விரியும். நானுஓயாவுக்கு ஏறும் ரதல்ல குறுக்கு வீதியில், பிள்ளைகளோடு, கியர் மாற்ற முடியாமல் நிற்கும் நிலை வேண்டாம் என்றேன்.

மீதி எயாருக்கு வேறு வழி. கீழ் பம்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸ் கழற்றாமலே பம்பைக் கையில் எடுத்தோம். வண்டியிலிருந்து இறங்கச் சொல்லிப் பையனைத் தூர நிறுத்திவிட்டுத்தான் கழற்றினேன். பம்ப் வெளியே தொங்கும்போது யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் ரப்பர் உறையோடு வெளியே பாய்ந்து, ஒயில் முழுக்கக் கொட்டிவிடும். நிப்பிளை மூடியபடி, ஒயில் நுழையும் முனை நேர் மேலே வருமாறு பம்பை நிமிர்த்திப் பிடித்து, ரொட்டை உள்ளங்கையால் மிக மெதுவாக உள்ளே தள்ளினேன். பிஸ்டன் முழுக்க உள்ளே போனால் சிலிண்டருக்குள் காற்று ஒளிந்திருக்க இடமே இல்லை. அது குழாய் வழியே மேலே ஏறும். மேலே கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் “குமிழி வருது, வருது” என்றார். மெதுவாக விட்டு, மறுபடி தள்ளி, குமிழி நின்ற பிறகு பூட்டினோம். வேகமாகத் தள்ளினால் கிண்ணத்திலிருந்து ஒயில் பீறிட்டுப் பெயின்ட்டில் படும், இந்த ஒயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பட்டுவிட்டால் துடைப்பதோடு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மறுபடி அளந்தபோது 14 மி.மீ.

வாக்கூம் பம்ப் பற்றியும் கேட்கிறார்கள். நிப்பிளில் மாட்டி உறிஞ்சும் கைப்பம்ப் தனியாக வேலை செய்பவருக்கு வசதிதான். ஆனால் இளக்கிய நிப்பிளின் மரை வழியாகவும் அது வெளிக்காற்றை உறிஞ்சும். டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும், எயார் தீரவில்லை என்று நினைத்து ஒயிலைத் தீர்த்துவிடுவீர்கள். மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் குறையும். இன்னொன்று, அதன் முள் கடலோரத்தில் 29 அங்குலம் வரை காட்டும் என்றால் 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் எவ்வளவு அடித்தாலும் 24 அங்குலத்துக்கு மேல் காட்டாது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். பம்ப் பழுது என்று கடையில் சண்டை பிடிக்க வேண்டாம்.

ஃப்ரீ ப்ளேயையும் பார்த்தோம். பெடல் இன்னும் உயரமாகப் பிடிக்க வேண்டும் என்று மேல் பம்பின் ரொட்டை இறுக்கி நீட்டுகிறவர்கள் உண்டு. பெடலின் தொடக்கத்தில் சில மில்லிமீற்றர் வெறும் அசைவு இல்லையென்றால், ஒயில் கிண்ணத்துக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக வழியில்லாமல் கிளட்ச்சைத் தானே மிதித்துப் பிடித்துக்கொள்ளும், பிளேட் வழுக்கிக் கருகும். இந்த வேனில் அசைவு சரியாக இருந்தது, கை வைக்கவில்லை.

எடுத்த பழைய ஒயிலை அண்ணன் முற்றத்து ஓரக் கானில் ஊற்றப் போனார். அந்தக் கான் இறங்குவது கீழ் லயத்துப் பீலித் தண்ணீர் ஓடும் பக்கம். போத்தலிலேயே மூடி, சேர்விஸ் ஸ்டேஷனில் கழிவு ஒயில் பீப்பாய்க்குக் கொடுக்கச் சொன்னேன்.

செலவு ஒரு சின்னப் போத்தல் ஒயில், சிரிஞ்ச், டியூப், ஒரு மூடி ரப்பர். மேல் பம்புக்கு வைத்திருந்த பணம் அண்ணனின் சட்டைப்பையிலேயே இருக்கிறது, ஆனால் அதை முழுக்க மறந்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவு கறுத்த ஒயிலில் மேல் பம்பின் வொஷரும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எஞ்சின் ஒயில் மாற்றும்போதெல்லாம் ரொட் நகர்வையும் அளந்து பார்க்க வேண்டும். 12க்குக் கீழே வந்து, மிதித்துப் பிடித்த பெடலும் நழுவினால் அப்போது கிட் போடலாம். அதற்கு வரும்போதும் வேனைப் பின்பக்கமாகவே முற்றத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.